கவிழ்ந்த படகு, மிதக்கும் படகு

நாரிக்கி தென்னையில் ஏறினால் பாடுவான். தரையில் பாடமாட்டான்.

அந்தத் தீவில் பாளை சீவுகிறவர்கள் எல்லாருமே பாடுவார்கள். மேலே ஆள் இருக்கிறான் என்று கீழே கிணற்றடியில் குளிக்கிற பெண்களுக்குத் தெரியவேண்டும், அதற்கு ஏற்பட்ட வழக்கம். காலையில் ஒரு முறை, வெயில் சாயும்போது ஒரு முறை, மரத்துக்கு மரம் பாட்டு கேட்கும். மற்றவர்கள் கீழே இறங்கி வந்து ஊர்க்கூடத்திலும் பாடுவார்கள், கல்யாணத்திலும் பாடுவார்கள். நாரிக்கிக்கு நாலு முகம் தன்னைப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். சுறாவைக் கயிறு கட்டி இழுத்து வந்தவன்தான். நாற்பத்திரண்டு வயசு. ஆனாலும் அப்படித்தான். உச்சியில், மட்டைகளுக்கு நடுவில், காற்று ஆட்ட ஆட்ட உட்கார்ந்திருக்கும்போதுதான் அவனுக்குக் குரல் வரும். அங்கே அவனை யாரும் பார்ப்பதில்லை. கீழே நிற்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் இரண்டு உள்ளங்கால்தான்.

இந்த விஷயத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஊர் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் மூத்த மகள் ரோதியாவுக்கு ஒன்பது வயசு. இரண்டாம் வகுப்பில் இது இரண்டாவது வருஷம். அவர்கள் மொழிக்கு மொத்தம் பதின்மூன்றே எழுத்து, எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன இங்கிலீஷ் எழுத்து. அந்தப் பதின்மூன்றும் அவள் கண்ணில் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்றன. முழங்கால் தண்ணீரில் குனிந்து பார்த்தால் மீன்குஞ்சுகள் இருக்கிற மாதிரி இருந்து, கை வைத்ததும் கலைந்து போகுமே, அப்படி. மற்றதில் எல்லாம் கெட்டிக்காரி. எந்த மரம் யாருடையது, எந்தப் பாட்டு யாருடையது, போன வருஷம் கப்பல் வந்தபோது யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள், எல்லாம் சொல்வாள். தாளைக் கையில் கொடுத்தால் மட்டும் வாய் கட்டிக்கொள்ளும்.

வருஷக் கடைசியில் ஊர்க்கூடத்தில் வாசிப்பு நாள் வரும். ஒவ்வொரு பிள்ளையும் நடுவில் நின்று ஒரு தாளை வாசிக்கவேண்டும். வாசித்தால் மூன்றாம் வகுப்பு, பெஞ்சு. இல்லாவிட்டால் திரும்பவும் இரண்டாம் வகுப்புப் பாய். அவள் தங்கை தேயியா அடுத்த வருஷம் அதே பாய்க்கு வருகிறாள்.

"தேயியா பக்கத்துல என்னைய உக்கார வச்சா, நான் கடல் பக்கமாப் போயிருவேன்" என்று ரோதியா சொன்னாள். அழவில்லை. சும்மா, நாளைக்கு மீன் சாப்பிடலாம் என்கிற மாதிரி சொன்னாள். அப்படிச் சொன்னதால்தான் நாரிக்கி அதை நம்பினான்.

டீச்சர் கைரபு திங்கட்கிழமை ஒரு தாள் கொடுத்தனுப்புவாள். வீட்டில் வாசித்துப் பழகி வெள்ளிக்கிழமை வந்து வாசிக்கவேண்டும். நாரிக்கி முதலில் எல்லாத் தகப்பனும் செய்கிறதைத்தான் செய்தான். சாயங்காலம் வாசலில் கால் நட்டுப் போட்ட பரணில் அவளை எதிரில் உட்காரவைத்து, தாளை விரித்து, விரலால் தட்டினான். அவனும் நாலாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் எழுத்து அவனுக்கு நிற்கும்.

"இது என்ன?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

"எம் மூஞ்சியிலயா எழுதியிருக்கு? தாளப் பாரு, புள்ள."

இரண்டு நாள் இப்படி. மூன்றாம் நாள் அவன் போட்ட சத்தத்தில் பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அவன் பெண்டாட்டி தெங்கானா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "சத்தம் போட்டா எழுத்து உள்ள போயிருமா? அப்படின்னா உங்கப்பன் போட்ட சத்தத்துக்கு நீ இந்நேரம் மந்திரியாயிருக்கணும்."

நாரிக்கி எழுந்தான். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மரம் ஏறப் போய்விட்டான்.

அந்த வாரத்துத் தாள் சுகாதாரத் தாள். தலைநகரத்தில் யாரோ சட்டை போட்டவர் எழுதியது. கிணற்றை மூடு, பன்றி வருகிறது. கையைக் கழுவு, ஈ வருகிறது. தண்ணீரைக் காய்ச்சு, குழந்தை குடிக்கப் போகிறது. நாரிக்கி உச்சியில் உட்கார்ந்து பாளையைச் சீவிக்கொண்டே இதை ஒரு மெட்டில் போட்டான். கப்பலேறிப் போன காதலிக்காக ஒருத்தன் அழுகிற பழைய மெட்டு அது. அவனுக்கு அதுதான் நன்றாக வரும். கீழே மரத்தடியில் கலயம் வாங்க நின்றிருந்த ரோதியா ஒரு முறை கேட்டாள், இரண்டு முறை கேட்டாள், மூன்றாம் முறை கூடவே பாடினாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டாள். டீச்சர் அவள் தலையைத் தடவினாளாம். ரோதியா வீட்டுக்கு ஓடி வந்தாள்.

நாரிக்கி வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தான். அந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அங்கே ஒரு பாட்டு தெரிந்தால் அது தெரிந்ததுதான், அதற்கு மேல் தெரிய என்ன இருக்கிறது? அடுத்த வாரத் தாளையும் பாட்டாக்கினான். அதற்கடுத்ததையும்.

ஆனால் பாட்டை ஒரு மரத்தில் கட்டிப்போட முடியாது. பக்கத்து மரத்தில் இருந்த மச்சான் தெபானோ, தெங்கானாவின் தம்பி, கிணற்றுப் பாட்டைப் பிடித்துக்கொண்டான். அவனிடமிருந்து காயல் பக்கத்து மரங்களுக்குப் போனது. ஒரு மாதத்தில் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பொழுது சாயும் நேரத்தில் ஆண்கள் உச்சியில் உட்கார்ந்து பன்றி வருகிறது, பன்றி வருகிறது என்று நெஞ்சு உருகப் பாடினார்கள். காயல் தண்ணீர் பொன்னாகி, பிறகு சாம்பலாகும். வலை இழுத்து வருகிற படகுகள் துடுப்பை நிறுத்திக் கேட்கும். விவரம் தெரியாத ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம், யார் பெற்ற பிள்ளையோ யாரை நினைத்து அழுகிறதோ என்று.

கைரபு டீச்சர் ஒருநாள் சாயங்காலம் மரத்தடிக்கே வந்துவிட்டாள். இருபத்தாறு வயசுப் பெண், வேறு தீவுக்காரி. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நாரிக்கி அண்ணே, கொஞ்சம் இறங்கி வாங்க."

"பாளை பாதியில நிக்குது, டீச்சரம்மா."

"நான் முழுசா நிக்கிறேன்."

இறங்கினான். ரோதியா அவன் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"எங்கிட்ட இருபத்து மூணு பிள்ளைங்க. நேத்து தாளக் குடுத்தா ஒருத்தனும் வாங்கல. எதுக்கு டீச்சர், எங்களுக்குத் தெரியுமேன்னு கண்ண மூடிக்கிட்டு ஒப்பிக்கிறாங்க. ஒரு பய தாள்ல மீன் சுத்தி எடுத்துட்டுப் போயிட்டான். இவகிட்ட தாளத் தலைகீழாக் குடுத்தேன். தலைகீழா வச்சுக்கிட்டே அழகாச் சொன்னா."

"படிச்சிட்டு வரத்தான சொன்னீங்க? வந்துச்சுல்ல?"

"வாசிக்கச் சொன்னேன். மனப்பாடம் பண்ணச் சொல்லல."

"ரெண்டும் வாயாலதான வருது?"

கைரபு அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். சிரிப்பா கோபமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. படித்தவர்கள் முகத்தை அவன் எப்போதும் நம்பியதில்லை.

"அண்ணே, இவ மண்டையில ஒரு குறையும் இல்ல. இத்தனை வரிய காதால வாங்கி வச்சிருக்கா, எனக்கு வராது. கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவுலதான் வழுக்குது. சில பிள்ளைங்களுக்கு அப்படி. அதுக்கு நேரம் வேணும். ஒவ்வொரு எழுத்தா, அவசரப்படுத்தாம. அந்த நேரம் எங்கிட்ட இல்ல."

நாரிக்கி அவள் கையைப் பார்த்தான். இப்படி இதமாகப் பேசினால் அடுத்தது கையெழுத்துப் போட ஒரு காகிதம் வரும். கவர்மெண்ட் ஆட்களிடம் அதைத்தான் அவன் கண்டிருக்கிறான். காகிதம் வரவில்லை.

"வாசிப்பு நாளுக்கு ஆளுக்கொரு தாள், யாரும் பாக்காத தாள் குடுப்பேன். தலைநகரத்துலருந்து கவர் ஒட்டி வருது, அன்னைக்குத்தான் பிரிப்பேன். பத்து வரி. இனிமே தாளப் பாடாதீங்க."

"பாடல" என்றான். சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் உச்சியில் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவனிடம் வேறு பாட்டே இல்லை. இருந்த மெட்டையெல்லாம் கிணற்றுக்கும் ஈக்கும் கொடுத்தாகிவிட்டது. வாயைத் திறந்தால் பன்றிதான் வந்தது. மூடிக்கொண்டான். பாளைக்கத்தி சரக் சரக்கென்று இழுத்தது. மரம் மெல்ல ஆடியது.

கீழே கிணற்றடியிலிருந்து ஒரு பெண் குரல்: "மேல ஆளு இருக்கா, இல்லையா?"

நாரிக்கி இருமினான்.

"இருமினா? இருமலுக்கா துணிய இழுத்து மூடறது? பாடித் தொலை. திருட்டுத்தனமா உக்காந்திருக்கான் பாரு."

"கல்ல எடு, கல்ல எடு" என்று இன்னொருத்தி.

நாரிக்கி கீழே பார்த்தான். மரத்தடியில் ரோதியா அந்த வாரத்துத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை அவன் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

"புள்ள, அந்தத் தாள்ல என்ன இருக்கு? எதையாவது அனுப்பு. பொம்பளைங்க கல்லெடுக்கிறாங்க."

"எனக்குத் தெரியாதுப்பா."

"தெரிய வேணாம். மொத மொதல்ல நிக்குதே, அது எப்படி இருக்கு, அத மட்டும் சொல்லு."

வெகு நேரம் சத்தமில்லை. அவன் அடுத்த பாளைக்குக் கயிறு சுற்றத் தொடங்கினான்.

"வளைஞ்சிருக்கு. படகாட்டம்."

"மிதக்குதா, கவுந்திருச்சா?"

இதற்கும் வெகு நேரம் ஆனது. அவனுக்கு அவசரமில்லை. பாளையில் கயிறு சுற்றுவது அவசரப்பட்டால் கெட்டுப்போகும் வேலை. ஒவ்வொரு சுற்றும் முன் சுற்றை ஒட்டி உட்காரவேண்டும். அவன் ஏழு சுற்றுச் சுற்றிவிட்டான்.

"கவுந்திருச்சு."

அவ்வளவுதான், அந்த ஒற்றை 'n' எழுத்தை வைத்துக்கொண்டு நாரிக்கி பாடினான். அதையே நீட்டி, ஏற்றி, இறக்கி, அடுத்தது வருகிற வரைக்கும் பாடினான். கிணற்றடியில் கல்லைக் கீழே போட்டார்கள். அன்றைக்கு ஒரு பாளைக்கு ஒரு சொல். மூன்று பாளை சீவி இறங்குவதற்குள் மூன்று சொல் மேலே வந்திருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 'ஆடு தப்பித்து ஓடியது.' கீழே இருந்து ரோதியா சிரித்தாள். தாளில் இருந்த ஆடு தன்னிடம்தான் முதலில் வந்தது என்பது அவளுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். நாரிக்கி தாளைத் தொடுவதில்லை. மேலிருந்து பார்த்தால் அது அவனுக்குச் செத்தை அளவுகூட இல்லை. அவள்தான் அனுப்பவேண்டும். வட்டமானது தேங்காய். குறுக்குக் கட்டை போட்டது பாய்மரம். சேர்த்துக் கட்டின ரெட்டைப் படகு இரண்டு உண்டு, ஒன்று மிதப்பது, ஒன்று கவிழ்ந்தது; அவை இரண்டும்தான் அவளை மிகவும் படுத்தின. தப்பாக அனுப்பினால் அவன் தப்பாகவே பாடுவான். அர்த்தமில்லாத சொல் மரத்திலிருந்து ஊருக்கெல்லாம் கேட்கும். அவள் "இரு, இரு, கவுந்திருச்சு, மிதக்கல" என்று கத்துவாள். அவன் கோபப்படமாட்டான். உச்சியில் உட்கார்ந்து யாருக்கும் கோபம் வராது. காற்று தாலாட்டுகிறது. கடலும் காயலும் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் கிடக்கின்றன. நடுவில் தீவு ஒரு நாடா அகலம். கிணற்றில் வாளி போவது போல ஒரு எழுத்து கீழேயிருந்து ஆடி ஆடி மேலே வரும். அவன் வாங்கிக் கொட்டிவிட்டு அடுத்த வாளிக்குக் காத்திருப்பான். சில நாள் அவனுக்கே தான் எதைச் சீவுகிறோம், பாளையையா பொழுதையா என்று மறந்துபோகும்.

மூன்று மாதம் போனது. எழுத்து எழுத்தாக வந்தது சொல் சொல்லாக வரத் தொடங்கியது. படகு, பாய்மரம் என்று சொல்வதை அவள் விட்டுவிட்டாள், எப்போது விட்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

தெங்கானா ஆசையாய் ஒருநாள் பரணில் அவளை எதிரில் உட்காரவைத்துத் தாளை நீட்டினாள். ரோதியா அம்மா முகத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"மரத்தடியில வருதுங்கிற. இங்க வரலையே. நீ பாடறதத்தான் இவ சொல்றாளா, இல்ல இவ சொல்றதத்தான் நீ பாடறியா?" என்று நாரிக்கியைக் கேட்டாள். தெங்கானாவும் லேசில் நம்புகிறவள் இல்லை.

நாரிக்கி மகளைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்து, எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது என்ன நோய் என்று அவனுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. தன் சொந்த நோயை வேறு ஒருத்தர் கழுத்தில் பார்த்தால் தெரியாமல் போகுமா? ஆனால் அதைச் சொல்லவேண்டுமானால் தன்னைச் சொல்லவேண்டும். எழுந்து போய்விட்டான்.

வாசிப்பு நாள் அன்று வெயில் தாழ்ந்த பிறகு சுவரில்லாத ஊர்க்கூடம் நிறைந்தது. தாழ்ந்த கூரைக்கடியில் குனிந்து வந்து ஒவ்வொரு குடும்பமும் தன் தன் இடத்தில் உட்கார்ந்தது. போதகர் ஜெபம் செய்தார், நீளமாக. பிள்ளைகள் ஒவ்வொருவராக நடுவில் வந்து வாசித்தார்கள். தேயியா சின்னப் பிள்ளைகள் வரிசையில் தன் நாலு வரியைப் பொரிந்து தள்ளிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தாள். பிறகு ரோதியா.

கைரபு கவரிலிருந்து தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "நேரம் இருக்கு. மெதுவா."

ரோதியா தாளைப் பார்த்தாள். இருநூறு முகம் அவளைப் பார்த்தது. கடல் பக்கம் அலை ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது. விரல் தாளின்மேல் இருந்தது, நகரவில்லை. எங்கோ ஒரு பிள்ளை சிரித்தது. அதன் அம்மா அதைக் கிள்ளியது கேட்டது.

"நேரம் இருக்கு" என்றாள் கைரபு மறுபடியும்.

நேரம் ஆக ஆகத்தான் மோசம் என்பது நாரிக்கிக்குத் தெரியும். அவன் எழுந்தான். குனிந்து கூரைக்கடியில் வெளியே போனான்.

"ஓடறான் பாரு மச்சான். பெத்த புள்ளய நடுவுல விட்டுட்டு" என்றான் தெபானோ.

ஊர்க்கூடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மரம் தெபானோவுடையது. அடுத்தவன் பாளை மரத்தில் காலை வைக்கக் கூடாது. அதற்காக அந்தத் தீவில் கத்தி எடுத்திருக்கிறார்கள். நாரிக்கி கோயிலுக்குக் கட்டுகிற புதுத் துணியோடு அதில் ஏறினான். துணி பாதியில் கிழிந்தது. உச்சியில் மட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

"கீழ யாரு?" என்றான். "மேல ஆள் இருக்கேன். பாட்டு இல்ல. ஏதாவது அனுப்புங்க."

இருநூறு முகமும் திரும்பியது. கூரைக்கு வெளியே எட்டி, குனிந்து, தலையைத் தூக்கி மேலே பார்த்தது. கிழவர்கள்கூட எழுந்து வெளியே மணலுக்கு வந்தார்கள். நடுக்கூடத்தில் ரோதியாவைப் பார்க்க ஒரு கண்கூட மிச்சமில்லை.

எல்லாரும் இப்போது நாரிக்கியைப் பார்த்தார்கள். தெபானோ இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாரிக்கியின் தொண்டை கல்லாகிவிட்டது. மரத்தில் அவனுக்கு அப்படி ஆவது அதுதான் முதல் தடவை.

ரோதியா தாளோடு கூட்டத்துக்குள் புகுந்து மரத்தடிக்கு வந்தாள். அங்கேயிருந்து பார்த்தால் இரண்டு உள்ளங்கால். அவளுக்குப் பழக்கமானவை. டீச்சர் அவளுக்குப் பின்னால் வந்து, தோளுக்கு மேலாகத் தாள் தெரிகிற மாதிரி நின்றாள்.

"கவுந்த படகுப்பா" என்றது கீழேயிருந்து குரல்.

பாடவேண்டும். அவனுக்கு வரவில்லை. கண்ணை இறுக்கி மூடினான். மரம் ஆடியது. எந்த மரமானால் என்ன, எல்லா மரமும் ஆடும். முதலில் தவளை மாதிரி ஒரு சத்தம் வந்தது. யாரோ சிரித்தார்கள். அவன் அந்தச் சத்தத்தையே இழுத்து, நேராக்கி, மேலே ஏற்றினான். பாட்டாகிவிட்டது.

பிறகு எழுத்துகள் வந்தன. இரண்டாம் வரியில் சொற்கள் வந்தன. ஒரு நண்டு. வீடு சிறுத்துவிட்டது. வேறு சங்கு தேடிக் கரையோரம் போனது. ஒரு சங்கில் ஓட்டை. இன்னொரு சங்கில் ஏற்கெனவே ஆள். வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. குடும்பத்துக்கொரு இடம் என்பதெல்லாம் மறந்து ஜனங்கள் மணலில் கலந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சங்கு நண்டுக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் யாருக்கும் எழுந்து போக மனசில்லை.

ஏழாவது வரி. பெரிய சங்கு ஒன்று கிடந்தது. நண்டு எட்டிப் பார்த்தது. உள்ளே இருந்தது...

நாரிக்கிக்குத் தெரியாதா? பாறைப் பொந்தில் கைவிட்டு எட்டுக்கால் கணவாய் பிடித்து வளர்ந்தவன். அவள் அனுப்புவதற்கு முன்பே நீட்டிப் பாடிவிட்டான்: "பேய்க்கணவாய்."

மீன் பிடிக்கிறவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

"இல்லப்பா" என்றாள் ரோதியா.

"என்ன இல்ல?"

"பேய்க்கணவாய் இல்ல. இங்க அப்படி எழுதல."

"வேற என்ன புள்ள இருக்கும், அவ்வளவு பெரிய சங்குக்குள்ள?"

"மச்சான் சொல்றது சரிதான். நானே புடிச்சிருக்கேன்" என்றான் தெபானோ, கோபத்தை மறந்து.

"இருங்க" என்றாள்.

அவள் மேலே அனுப்பவில்லை. விரலை வைத்து நகர்த்திக்கொண்டு தனக்குள் முணுமுணுத்தாள். அவர்கள் மொழியில் நீளமான சொல் அது. கவிழ்ந்த படகும், கவிழ்ந்த ரெட்டைப் படகும், அதை ஒட்டியே மிதக்கிற ரெட்டைப் படகும், அவளுக்குப் பகையான எல்லாம் ஒரே வரிசையில் நிற்கிற சொல். விரல் கடைசிவரை போனது. திரும்ப வந்தது. மறுபடி போனது.

"நிலா" என்றாள்.

ஆட்டிய தலைகள் நின்றன.

"சங்குக்குள்ள நிலா எப்படிப் போகும்?" என்று கேட்டான் நாரிக்கி மேலிருந்து. உண்மையாகவே கேட்டான்.

"தெரியலப்பா. எழுதியிருக்கு."

காகிதத்தில் எழுதினவன் கடலைப் பார்த்திருக்கமாட்டான் என்பது நாரிக்கியின் கட்சி. அவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் தாளைப் பார்த்தாள். "எழுதியிருக்கு" என்றாள், மெதுவாக.

அதனால் அவன் நிலா என்று பாடினான். நம்பாமல்தான் பாடினான். ஆனாலும் முழுக் குரலில் பாடினான்.

மிச்சம் மூன்று வரி. அவன் அடுத்த வாளிக்காகக் காத்திருந்தான். வரவில்லை. ரோதியா அவளாகவே வாசித்துக்கொண்டு போனாள், பேசுகிற குரலில், நடுவில் நடுவில் நின்று நின்று. சங்கில் நேற்றைய மழைத்தண்ணீர் இருந்தது. நண்டு நிலாவைக் கலைக்காமல் மெல்ல உள்ளே போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அவன் உச்சியில் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். தெபானோவின் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தான். நிலா இல்லை. இரண்டு எறும்பும் ஒரு ஈயும் மிதந்தன.

வாசித்து முடிந்ததும் போதகர் தொண்டையைக் கனைத்தார். "டீச்சர், அப்பன் பாடறான், மக சொல்றா. இத வாசிப்புன்னு எப்படி எடுத்துக்கிறது?"

"தாள் யாரு கையில இருந்துச்சு, போதகரே?"

"அவ கையில."

"மேல இருக்கிறவரு பாத்தாரா?"

"அங்கேருந்து எப்படிப் பாப்பான்?"

"நீங்க பாத்தீங்களா? ஒட்டி வந்த கவர உங்க முன்னாடிதான் பிரிச்சேன். அப்ப நிலான்னு யாரு சொன்னது?"

போதகர் வானத்தைப் பார்த்தார். கைரபு நோட்டை முழங்காலில் வைத்து எழுதினாள். மூன்றாம் வகுப்பு. எழுதிவிட்டு ரோதியாவிடம் சொன்னாள்: "கடைசி பெஞ்சு, ஜன்னலோரம். வாசிக்கும்போது எல்லாருக்கும் முதுகக் காட்டிக்கிட்டு வாசி. யாராவது ஏன்னு கேட்டா, டீச்சரக் கேளுன்னு சொல்லு."

தெங்கானா முந்தியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தேயியா, "அக்கா என்னோட உக்காரமாட்டாளா?" என்று கேட்டு அடி வாங்கினாள்.

"அதெல்லாம் சரி" என்றான் தெபானோ மேலே பார்த்து. "என் மரத்துலருந்து எப்ப மச்சான் இறங்குவ? அங்கயே குடி வச்சிருக்கியா?"

நாரிக்கி இறங்கவில்லை. மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். துணி வேறு கிழிந்து கிடந்தது. கீழே இன்னும் இருநூறு முகம் இருந்தது.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றான். "நான் இறங்கணும்."

ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே திரும்பியது. கிழவர்கள், பெண்கள், போதகர், தெபானோ, டீச்சர்கூட, எல்லாரும் காயல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நாரிக்கி ஒவ்வொரு வெட்டுப்படியாகத் தடவித் தடவி இறங்கினான்.

ரோதியா மட்டும் திரும்பவில்லை. அவள் அவனையும் பார்க்கவில்லை. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வெளிச்சம் போவதற்குள், முதல் வரியில் மறுபடி விரலை வைத்திருந்தாள்.